வெட்டுக்காயத் தழையும் ஸ்பிரிட் குழாயும்

சோளத்தட்டு அறுக்கும்போது கருக்கரிவாள் விரலில் பட்டுவிட்டால் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) தடப்பள்ளி வாய்க்கால் மேட்டுக்குத்தான் போவார். வெட்டுக்காயத் தழையை நாலு கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, பச்சைச் சாறு சொட்டச் சொட்டக் காயத்தில் பிழிந்து, மேலே சக்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். அப்புறம் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு மறுபடி அரிவாளை எடுப்பார். இதைப் பார்த்தே வளர்ந்ததால், கோவையில் ஒரு ஃபார்மஸி கல்லூரி ஆய்வகத்தில் அதே தழையைச் சோதிக்கும் வேலை கைக்கு வந்தபோது, முடிவு முன்பே தெரியும் என்ற நினைப்பு எனக்கு. அங்கேதான் சறுக்கினேன்.

செடியை லாலி ரோடு வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பொட்டானிக்கல் சர்வே அலுவலகத்தில் காட்டி, இன்ன செடிதான் என்று எழுதி வாங்கினோம். டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். சூரியகாந்திக் குடும்பம், பூர்வீகம் அமெரிக்கா. அமுச்சியிடம் சொன்னேன். "எந்த ஊர்ச் செடியா இருந்தா என்ன கண்ணு, ரத்தம் நிக்குதல்லோ?"

ரத்தம் உறையும் நேரத்தை லீ-வைட் முறையில் பார்த்தோம். கண்ணாடிக் குழாயில் 1 மில்லி ரத்தம் (சம்மதம் எழுதிக் கொடுத்த நண்பர்களுடையது), 37 டிகிரி வெந்நீர்த் தொட்டி, 30 நொடிக்கு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாக 5 முதல் 10 நிமிடம் ஆகும். ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த தழைச்சாற்றைச் சொட்டு விட்டதும் இரண்டு நிமிடத்துக்குள் கெட்டியாகிவிட்டது. குதிக்காத குறைதான். ஆய்வக மேடம் வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வெறும் ஸ்பிரிட் விட்டுப் பாத்தீங்களா?"

நான் ஒப்பிட வைத்திருந்தது சலைன் (உப்பு நீர்) குழாய். ஸ்பிரிட்டை, அதாவது ஆல்கஹாலை, மட்டும் விட்டுப் பார்த்தேன். அதுவும் கெட்டி. ஆல்கஹால் புரதத்தைத் திரிய வைக்கும் என்பது புத்தகத்தில் படித்ததுதான். கண்ணாடிக் குச்சியால் தொட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நிஜமாக உறைந்த ரத்தம் நுங்கு மாதிரி வழுவழுவென்று ஆடும், இழுத்தால் நூல் வரும். எங்களுடையது பழுப்பாக, புட்டு மாதிரி உதிர்ந்தது.

ஆல்கஹாலை முழுக்க ஆவியாக்கி, மிச்சத்தைச் சலைனில் கரைத்து மறுபடி தொடங்கினோம். இப்போதும் சலைன் குழாயைவிடக் கொஞ்சம் முந்தியது. முதல் நாள் வேகம் இல்லை. கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுக்கிறதே, தழையில் இருக்கும் அந்தத் துவர்ப்புக்கு இதில் பங்கு இருக்கலாம். காயத்தில் ரத்தம் நிற்பதில் அமுச்சியின் கட்டைவிரலுக்கும் பங்கு உண்டு. சின்னக் காயத்தை அழுத்திப் பிடித்தாலே சில நிமிடத்தில் ரத்தம் நின்றுவிடும். குழாய்க்குள் கட்டைவிரல் இல்லை.

தோல் சோதனை முயலில். நெறிமுறைக் குழு அனுமதி வாங்கி, ஓஇசிடி 404 என்ற சர்வதேசத் தோல் எரிச்சல் சோதனை விதிப்படி முந்தின நாளே முதுகு முடியைக் கத்தரித்து, அரை கிராம் தழைப் பசையை 4 மணி நேரம் கட்டி வைத்தோம். எடுத்தபின் 1, 24, 48, 72 மணி நேரத்தில் சிவப்புக்கும் வீக்கத்துக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். முதல் முயலில் கட்டைப் பிரித்ததும் சிவப்பு. மனசே விட்டுப்போயிற்று. உற்றுப் பார்த்தால் அது சதுரக் கோடு, பிளாஸ்திரி ஒட்டிய ஓரம் மட்டும். மருந்தே தடவாத பக்கத்திலும் அதே சதுரம். மறுநாள் இரண்டும் இல்லை.

அறிக்கையில் "தோலுக்குப் பாதுகாப்பானது" என்று எழுதினேன். மேடம் அதை அடித்துவிட்டு, "ஒருமுறை பட்டால் எரிச்சல் இல்லை" என்று திருத்தினார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதுதான் சரி. அலர்ஜி பட்டுப் பட்டு வருவது, நாலு மணி நேரக் கட்டில் அகப்படாது. பார்த்தீனியமும் இதே குடும்பம்தான். அதைப் பிடுங்கிப் பிடுங்கிக் கழுத்தும் கையும் தடித்துப்போனவர்கள் நம் தோட்டங்காடுகளில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தத் தழை ஒத்துக்கொள்ளுமா என்று என் முயலிடம் கேட்க முடியாது.

போன பொங்கலுக்குக் கரும்பு வெட்டும்போது அமுச்சி விரலைக் கிழித்துக்கொண்டார். டெட்டனஸ் கிருமி மண்ணில்தான் இருக்கிறது என்று சொல்லித் தழையைக் கழுவ வைத்தேன். முனகிக்கொண்டே கழுவினார். டிடி ஊசி போட்டுக்கொள்ளலாம், வாங்க என்று பைக்கை எடுத்தேன்.

"உன்ற முயலுக்குப் போட்டயா சாமி?" என்றார்.