கதவு நெருக்கம்

காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனபிறகும் பெண் உம்மா வீட்டில்தான் இருப்பாள். மாப்பிள்ளைதான் வந்து சேருவார். ராத்தா (அக்கா) ஒரு பக்கம், பெரியும்மா ஒரு பக்கம். தெருவில் இறங்காமலே பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வர முடுக்கு என்ற சந்து இருக்கும். அப்படி வளர்ந்த நான், இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் கணவரோடு ஹாங்காங் வந்து, கவுலூனில் ஓர் அடுக்குமாடியில் குடியேறினேன். மரக்கதவு, அதற்கு முன்னால் இரும்புக் கதவு. ஒரே தளத்தில் இத்தனை குடும்பங்கள் இருந்தும் லிப்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

கல் வியாபாரத்துக்காக எங்கள் ஊர் ஆண்கள் பல காலமாகவே இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் முன்னால் வந்தவர் கொடுப்பார்; கடைகளையும் தரகர்களையும் அறிமுகப்படுத்துவார். மதீனாவில் நபித்தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) தன் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்றபோது, மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), உங்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், கடைவீதி எங்கே என்று மட்டும் காட்டுங்கள் என்றார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். நம் ஆண்களுக்கு இந்த வரலாறு நன்றாகப் பொருந்திவிட்டது. வீட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு எது பொருந்தும் என்றுதான் நான் தேடினேன்.

நபி (ஸல்) அவர்களும் பிறந்த ஊரை விட்டு வந்து வேற்றூரில் குடியேறியவர்கள்தானே. மதீனாவுக்கு வந்ததும் அவர்கள் சொன்ன முதல் வார்த்தைகளை அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அறிவிக்கிறார்கள். இந்த அப்துல்லாஹ் அப்போது யூத அறிஞர். வந்திருப்பவர் யார் என்று பார்க்கக் கூட்டத்தோடு வந்து நின்றவர்கள். ஸலாமைப் பரப்புங்கள், உணவளியுங்கள், மக்கள் உறங்கும்போது தொழுங்கள் என்பதே அந்தப் பேச்சு. முகமன், சோறு, தொழுகை. இவ்வளவையும் அடுக்குமாடியில் இருந்துகொண்டே செய்யலாம்.

நபியின் மனைவி ஆயிஷா (ரலி) ஒருமுறை கேட்டார்கள்: எனக்கு இரண்டு அண்டைவீட்டார் இருக்கிறார்கள், யாருக்கு அன்பளிப்புக் கொடுப்பது? யாருடைய வாசல் உனக்கு மிக அருகில் இருக்கிறதோ அவருக்கு, என்றார்கள் நபி (ஸல்). மார்க்கம், மொழி, குலம் ஒன்றும் அந்தப் பதிலில் இல்லை. தூரம் மட்டும்தான் இருக்கிறது. நபித்தோழர் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டைவீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டதும் அண்டைவீட்டாரைப் பற்றிய நபியின் போதனையை மனதில் வைத்துத்தான்.

எனக்கு மிக அருகில் இருந்த வாசல் தனியாக வாழும் ஒரு சீனப் பாட்டியுடையது. பெருநாளன்று ஒரு கிண்ணம் வட்டிலாப்பம் கொண்டுபோனேன். இரும்புக் கதவைத் திறக்காமலே கம்பிவழியாகப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கான்டனீஸ் படிக்கும் என் மகள் பேசியபிறகுதான் கதவு திறந்தது. அந்த இலையுதிர்காலத் திருவிழாவுக்கு அவர் நிலாப் பலகாரம் கொண்டுவந்தார். அதன் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். நபி (ஸல்) அன்பளிப்பை ஏற்பார்கள், பதிலுக்கும் கொடுப்பார்கள் என்ற ஆயிஷா (ரலி) அவர்களின் சொல் இருக்கும்போது, திருப்பி நீட்ட எனக்கு மனம் வரவில்லை. இரு கையாலும் வாங்கிக்கொண்டு, நாங்கள் எதைச் சாப்பிடுவதில்லை என்பதை மகள் மூலம் மெதுவாகச் சொன்னேன். மறு ஆண்டு பம்பளிமாஸ் பழம் வந்தது. சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வருகிறது. நோன்பு மாதத்தில் இறைச்சி சேர்க்காத ஒரு சட்டிக் கஞ்சி அவர் வீட்டுக்குப் போகிறது. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டைவீட்டாரைக் கவனி என்று நபி (ஸல்) தம் தோழர் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னதைத்தான் கஞ்சியில் செய்கிறேன்.

நேதன் சாலையில் இருக்கும் கவுலூன் பள்ளிவாசலுக்கு 1896இல் அடித்தளம் போட்டது பிரிட்டிஷ் படையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்காக. இப்போதுள்ள கட்டடம் 1984இல் எழுந்தது. 2019 அக்டோபரில் போராட்டங்களால் நகரம் கொந்தளித்திருந்தபோது அதன் வாயிலில் போலீஸ் பீய்ச்சிய நீலச் சாயத் தண்ணீர் பட்டது. அதைக் கழுவ வந்தவர்களில் முஸ்லிம் அல்லாத ஹாங்காங்வாசிகளும் இருந்தார்கள். அண்டைவீட்டாரின் ஹக்கை, அதாவது உரிமையை, பற்றி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லப்படாதவர்கள் அன்றைக்கு அதைச் செய்தார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

வீட்டுக்குள்ளும் மாற வேண்டியிருந்தது. ஊரில் மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் விருந்தாளி மரியாதை. தட்டைக்கூட நகர்த்த விடமாட்டார்கள். இங்கே உம்மாவும் இல்லை, ராத்தாவும் இல்லை. நபி (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டவருக்கு, வீட்டாரின் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்ன பதிலை என் கணவர் தாமாகவே எடுத்துக்கொண்டார். பாத்திரம் கழுவுவது அவர். மகனும் பக்கத்தில் நின்று துடைக்கிறான்.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. இந்த நகரத்து முஸ்லிம்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இந்தோனேசியர்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். சட்டப்படி அவர்கள் முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும். ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு, பெரும்பாலும் ஞாயிறு. அன்று விக்டோரியா பூங்காவில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து குர்ஆன் ஓதுவார்கள், ஊருக்குப் பிள்ளைகளோடு பேசுவார்கள். நம்மவர் வீடுகளிலும் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுத்துவதை உடுத்தக் கொடுங்கள், தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் கூட நின்று உதவுங்கள் என்பது நபிமொழி. தமக்குப் பத்து வருடம் பணிசெய்த அனஸ் (ரலி) அவர்களை நோக்கி நபி (ஸல்) ஒருமுறைகூடச் 'சீ' என்று சொன்னதில்லை. அந்தப் பணிப்பெண்களை நாம் கூப்பிடும் குரலை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று பெண்கள் கூடும் மஜ்லிஸில் சொன்னேன். அங்கே பேச்சு நீண்டது. சிலருக்கு வருத்தம்தான். இஃப்தார் விருந்தை ஞாயிற்றுக்கிழமை வைப்பதால்தானே அவர்களுடைய ஓய்வுநாள் போகிறது என்று வயதில் மூத்த ஒரு ராத்தா கேட்டார். அந்த ரமழானிலிருந்து எங்கள் கூட்டத்தில் விருந்து சனிக்கிழமைக்கு மாறியது. தேக்சாவை, அந்தப் பெரிய சமையல் பாத்திரத்தை, நாங்களே தேய்க்கிறோம்.