சும்மா நம்பர்

"அது சும்மா நம்பர்க்கா, விடுங்க."

அலுவலகத்தில் ஒரு அக்காவிடம் நான் சொன்ன இதில் தப்பு எதுவும் இல்லை என்று இன்றைக்கும் வாதாடுவேன். அவர் கணினியின் வெப்பத்தைக் காட்டுகிற ஹெச்டபிள்யூமானிட்டர் மென்பொருளின் திரையில் டிஎம்பிஐஎன்2 என்ற சென்சார் வரிக்கு நேரே 127 டிகிரி என்று இருந்தது. இந்த வேலையில் இருக்கிறவர்கள் யாரும் அதைப் பார்த்துப் பதற மாட்டார்கள். வெப்பத்தையும் ஃபேன் வேகத்தையும் அளக்கிற சூப்பர் ஐஓ சிப்பில் பல உள்ளீடுகள் உண்டு. மதர்போர்டு செய்தவர் எல்லாவற்றிலும் சென்சார் மாட்டியிருக்க மாட்டார். கூட்டல் கழித்தல் குறியோடு எட்டு பிட்டில் அடங்குகிற மிகப் பெரிய எண் 127; எதுவும் மாட்டாத உள்ளீடு பல நேரம் அதைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

ஆனால் கணக்குப் பிரிவு அக்கா கேட்டது அதை மட்டும் இல்லை. "அதுக்குக் கீழ இருக்கிறதும் ஏறுதே தம்பி" என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். காலை 58. மதியம் 83. மாதக் கடைசிக் கணக்கு ஓடும்போது 104. மூன்று நாள் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். அந்த மென்பொருளைத் திறக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

சீட்டைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம். "அதுவும் அதே கதைதான்க்கா" என்றேன். அசையாமல் நிற்கிற எண்ணுக்கும் வேலைக்குத் தக்க ஏறி இறங்குகிற எண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை நான். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அதற்கு முந்தின மாதம்தான் அதை விளக்கியிருந்தேன்.

எனக்கும் ஒரு ஆதாரம் இருந்தது. ப்ராசஸருக்குள் வேலை செய்கிற கோர்களின் வெப்பம் 44. அது ப்ராசஸர் தனக்குள்ளேயே அளந்து சொல்வது, சூப்பர் ஐஓ சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கணினியின் ப்ராசஸரான ஐ5-6500க்கு எல்லை 100 டிகிரி. 44 என்பது சௌகரியமான இடம்.

"ரொம்ப மெதுவா ஓடுது" என்றார். ப்ராசஸர் ஓடுகிற வேகத்தைக் காட்டும் சிபியு-இசட்டைத் திறந்தேன். 99.8 பெருக்கல் 8, 798 மெகாஹெர்ட்ஸ். 3.2 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் அது. "வேலை இல்லாதப்போ தூங்கும், மின்சாரம் மிச்சம்" என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் அப்போது கணக்கு மென்பொருளின் சின்ன வட்டம் பின்னால் சுற்றிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். சில நாள் சுற்றுகிறது, சில நாள் நிற்கிறது. எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜரைத் திறந்திருந்தால் இரண்டு நொடியில் தெரிந்திருக்கும்.

சுற்றியிருந்தால் என் ஆதாரமே எனக்கு எதிராகத் திரும்பிவிடும். ப்ராசஸருக்கு மின்சாரம் தருகிற விஆர்எம் பகுதி சூடேறினால், ப்ராக்ஹாட் என்ற கம்பி வழியாக வேகத்தைக் குறைக்கச் சொல்லும் போர்டுகள் உண்டு. தான் குளிர்ச்சியாக இருந்தாலும் ப்ராசஸர் அடிமட்ட வேகத்துக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கியதால்தான் 44 வந்ததோ என்னவோ.

அக்கா சீட்டில் எழுதிய அந்தக் கீழ் வரி, டிஎம்பிஐஎன்3, எதை அளக்கிறது என்று அறிய போர்டு எது என்று தெரிய வேண்டும். சிபியு-இசட்டின் மெயின்போர்டு பக்கத்தில் மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்.' என்று இருந்தது. தயாரிப்பாளர் நிரப்ப மறந்த வரி. அதை அக்காவுக்குக் காட்டிச் சிரித்தேன்கூட. பக்கவாட்டு மூடியில் இரண்டு திருகு. கழற்றினால் ஸ்லாட்டுகளுக்கு நடுவே வெள்ளை எழுத்தில் மாடல் எண் அச்சிட்டிருக்கும். நான் கழற்றவில்லை. கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லை என்பது காரணமா சாக்கா, எனக்கே தெளிவில்லை.

பதினோராம் நாள் கணினி எழவில்லை. மின்வழங்கியை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. மூடியைக் கழற்றியபோது விஆர்எம் மேல் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இல்லை, சுற்றிலும் போர்டு பழுப்பேறியிருந்தது. மேசைக்குக் கீழே மரப்பெட்டிக்குள் சுவரை ஒட்டி வைத்த கணினி, காற்று எங்கிருந்து வரும்? "பழைய போர்டு, எப்படியும் போயிருக்கும் சார்" என்றான் பையன். போயிருக்கலாம். செத்த போர்டில் டிஎம்பிஐஎன்3 எதோடு சேர்ந்திருந்தது என்று இனிக் கேட்கவும் முடியாது.

அக்கா குறையாக ஒன்றும் சொல்லவில்லை. "அந்தச் சீட்டு வேணுமா தம்பி, தூக்கிப் போடவா?" என்று மட்டும் கேட்டார். போடச் சொன்னேன்.

போன வாரம் வேறொருவர் போனில் 127 என்று பதறினார். அதே வாக்கியத்தைச் சொன்னேன். அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்குள் நிம்மதியாக வைத்துவிட்டார். நான் திரும்பக் கூப்பிடவில்லை. 127 நிஜமாகவே சும்மா நம்பர்தான்.