ஃபெல்ட்பெர்க் சுற்றுப்பாதை, இரண்டாம் முறை

சென்ற செப்டம்பரில் இந்தச் சுற்றை முதன்முறை நடந்தபோது கடைசி ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மட்டும் ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. நான்கு இடங்களில் உட்கார்ந்தேன். வலது முட்டியின் வெளிப்பக்கம் ஊசி குத்துவதுபோல வலித்தது. பனிமூட்டத்தில் சிகரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை, கடைசியில் பஸ்ஸும் போய்விட்டது. அன்றிரவே என் நடைக் குறிப்பேட்டில் "ஜூனில் மறுபடியும்" என்று எழுதிவைத்தேன். போன சனிக்கிழமை மகளுடன் போய்வந்தேன்.

ஃபெல்ட்பெர்க், தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காட்டில் 1,493 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆல்ப்ஸ் மலைகளை விட்டுவிட்டால் ஜெர்மனியில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. அதைச் சுற்றிவரும் ஃபெல்ட்பெர்க்ஸ்டைக் என்ற பாதை ஏறக்குறைய 12 கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டால் எளிதாகத் தோன்றும். கடினம் தூரத்தில் இல்லை, பாதை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. பெரும்பாலான மலைகளில் காலையில் ஏறி, களைத்த பிறகு இறங்குவோம். இங்கே பஸ் நிற்கும் ஃபெல்ட்பெர்கர் ஹோஃப் என்ற இடமே 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சிகரத்துக்கு ஏறி, மறுபக்கம் இறங்கி, காட்டுக்குள் இன்னும் இறங்கி, 1,109 மீட்டரில் உள்ள ஃபெல்ட்ஸே ஏரியின் கரையில் நிற்கும்போதுதான் தெரியும், புறப்பட்ட இடம் தலைக்கு மேலே 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று. நாளின் முடிவில், கால் ஓய்ந்த நேரத்தில் அந்த ஏற்றம் காத்திருக்கிறது. முதல்முறை இதை வரைபடத்தில் பார்த்தேன், ஆனால் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த முறை புறப்படும் முன் கணக்குப் போட்டேன். ஜெர்மனியில் மலைப்பாதை நேரத்தைக் கணக்கிட ஒரு வழக்கமான முறை உண்டு. சமதளத் தூரத்துக்கு மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர், இறக்கத்துக்கு மணிக்கு 500 மீட்டர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும், ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தைத் தனியாகவும் கணக்கிட்டு, இரண்டில் பெரியதை முழுதாகவும் சிறியதைப் பாதியாகவும் கூட்டினால் வருவதே நடை நேரம். 12 கிலோமீட்டருக்கு 3 மணி. நான் கூட்டிப் பார்த்த வரையில் மொத்த ஏற்றம் சுமார் 470 மீட்டர், இறக்கமும் அதே அளவு. இரண்டுக்கும் சேர்த்து இரண்டரை மணி, அதில் பாதி ஒன்றேகால். ஆக, ஓய்வு சேர்க்காமல் 4 மணி 15 நிமிடம். சென்ற ஆண்டு எனக்கு ஆனது 5 மணி 50 நிமிடம்.

மூன்று மாதம் பயிற்சி செய்தேன். ஃப்ரைபுர்க் நகருக்கு மேலே இருக்கும் ஷ்லோஸ்பெர்க் குன்றில் வாரம் இருமுறை ஏறினேன். ஏறுவதற்காக இல்லை, இறங்கிப் பழகுவதற்காக. முட்டியைச் சற்று மடித்தே வைத்துக்கொண்டு, சிறிய அடிகளாக, குதிகாலை ஓங்கி ஊன்றாமல் இறங்க வேண்டும். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் மூதாட்டி, ஐம்பது ஆண்டுகளாக இந்த மலைகளில் நடந்தவர், தம் ஊன்றுகோல்களை எனக்குக் கடன் கொடுத்தார். ஏறும்போது கோலைக் குறுக்கு, இறங்கும்போது நீட்டு. முதல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்துக்கு மேல் போகாதே. அவர் சொன்னது இவ்வளவுதான்.

ஃப்ரைபுர்கிலிருந்து ரயில். 'விண்ணரசு' என்று பொருள்படும் ஹிம்மல்ரைஷ் நிலையத்தைத் தாண்டியதும் வண்டி 'நரகப் பள்ளத்தாக்கு' என்ற பெயருள்ள ஹொல்லன்டாலுக்குள் நுழைகிறது. பாறைச் சுவர்கள் இருபுறமும் நெருங்கிவரும் அந்த இடத்தில் மகள் எப்போதும் ஜன்னலை விட்டு நகர மாட்டாள். ஃபெல்ட்பெர்க் பேரன்டால் நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்தோம்.

9:20க்கு நடக்கத் தொடங்கினோம். முதல் ஏற்றம் ஸேபுக் என்ற முன்சிகரத்துக்கு, 1,448 மீட்டர். கேபிள் காரில் போகலாம், நாங்கள் நடந்தோம். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களை முந்திச் சென்றார்கள். எனக்கும் மூச்சு இருந்தது, கால் இருந்தது, முந்தவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. மகளிடம் அவள் பள்ளிக் கதையைச் சொல்லச் சொன்னேன். நான் இடையிடையே கேள்வி கேட்டேன். கேள்வியை ஒரே மூச்சில் கேட்க முடியாதபோதெல்லாம் வேகத்தைக் குறைத்தேன். 50 நிமிடம் ஆனது. சென்ற ஆண்டு 40. இந்தப் பத்து நிமிடத்தை நானாக விரும்பியே விட்டுக்கொடுத்தேன்.

ஸேபுக்கில் பிஸ்மார்க் நினைவுத்தூண் அருகே நின்று கீழே பார்த்தால் ஃபெல்ட்ஸே தெரிகிறது. பனியூழிக் காலத்தில் பனியாறு குடைந்த கிண்ணம் அது. ஏறக்குறைய வட்டமாக, கருமையாக, மூன்று பக்கமும் செங்குத்தான காட்டுச் சரிவு சூழ்ந்து கிடக்கிறது. "அங்கே போய்விட்டா இங்கே திரும்பி வரவேண்டும்?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். சென்ற ஆண்டு இதே இடத்தில் வெள்ளை மூட்டத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றே வேகத்தைக் குறைத்திருப்பேன்.

அங்கிருந்து சிகரம்வரை மொட்டைப் புல்வெளி. நூற்றாண்டுகளாக மாடு மேய்ந்து மேய்ந்து மரமில்லாமல் ஆன வெளி இது. காற்று ஓயாமல் அடிப்பதால் ஜூனிலும் மேற்சட்டை வேண்டும். முந்தைய இரவு மழை பெய்து வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. தெற்கே ஆல்ப்ஸ்! ஒரு வெண்கோடு, அதில் பற்கள். பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்றிருந்த ஒருவர் ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களையும் மகளுக்கு விரல் நீட்டிக் காட்டினார். மேற்கே ரைன் சமவெளி, அதற்கும் அப்பால் பிரான்சின் வோஜ் மலைகள். 25 நிமிடம் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம்.

இந்த மலையில் பிறக்கும் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தென்சரிவில் தோன்றும் வீஸ ஆறு பாஸல் நகரில் ரைனில் கலக்கிறது. ஃபெல்ட்ஸேயிலிருந்து வழியும் ஓடை டிட்டிஸே ஏரிக்குப் போய், பெயர் மாறி மாறி, வுட்டாஹ் என்ற ஆறாகி, அதுவும் ரைனில்தான் சேர்கிறது. ஆனால் பனியூழியின் இறுதிக்காலம்வரை இந்த இரண்டாவது நீர் கிழக்கே ஓடி டான்யூபில் சேர்ந்து கருங்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ரைனின் பக்கத்திலிருந்து அரித்து வந்த ஓர் ஆறு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கருங்கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் இப்போது வடகடலுக்குப் போகிறது. இதை நினைத்துக்கொண்டு அந்த ஓடையைக் கடக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

சிகரத்துக்குப் பிறகுதான் முட்டிக்குச் சோதனை. சாங்க்ட் வில்ஹெல்மர் குடில்வரை பாதை அகலமானது. அதன்பிறகு சாஸ்ட்லர் குடில்வரை ஒற்றையடிப் பாதை, வேரும் ஈரக் கல்லுமாக. நிழல் விழும் இந்தச் சரிவில் பனி மிகத் தாமதமாகத்தான் கரையும். ஒரு குழியில் அழுக்குப் படிந்த பனித்திட்டு ஒன்று இன்னும் கிடந்தது. கோல்களை நீட்டி, அடியைச் சுருக்கி இறங்கினேன். இடையில் ஒருமுறை பழைய பழக்கத்தில் காலை நீட்டி ஊன்றினேன். உடனே முட்டி சொல்லிவிட்டது. அடுத்த அடியிலிருந்து திருத்திக்கொண்டேன். "அம்மா, முட்டி?" என்று மகள் திரும்பித் திரும்பிக் கேட்டாள். "இருக்கிறது, நட கண்ணு" என்றேன். குடிலை அடைந்தபோது உண்மையிலேயே வலி இல்லை.

சாஸ்ட்லர் குடிலில் அரைமணி நேரம் ஓய்வு. அங்கிருந்து பால்டன்வெகர் குடிலுக்குச் சிறிய ஏற்றம். இந்த மேய்ச்சல் நிலத்தில் ஹின்டர்வெல்டர் மாடுகளைப் பார்த்தோம். ஜெர்மனியின் மிகச் சிறிய மாட்டினம். சரிவில் ஆட்டைப்போலக் கால் பாவி நிற்கிறது. பாதையோரத்தில் ஆர்னிகா பூத்திருந்தது. மஞ்சள் என்ட்சியான் செடி மொட்டு விட்டிருந்தது. அதன் வேரிலிருந்து மது வடிக்கிறார்கள். அதே உருவத்தில் கொடிய நச்சுச்செடி ஒன்றும் பக்கத்திலேயே வளர்கிறது. என்ட்சியானில் இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும். நச்சுச்செடியில் மாறி மாறி இருக்கும். மகள் இதை ஒருமுறை கேட்டுவிட்டு அடுத்த கிலோமீட்டர் முழுவதும் செடி செடியாகக் குனிந்து பார்த்தபடி வந்தாள். 1937 முதல் இது இயற்கைக் காப்பகம். பார்க்கலாம், பறிக்கக்கூடாது, பாதையை விட்டு விலகவும் கூடாது.

பிறகு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காட்டுக்குள் நீண்ட இறக்கம். ராய்மார்ட்டிஹோஃப் என்ற பழைய பண்ணை வீட்டு உணவகத்தில் 20 நிமிடம். மகளுக்குக் கேக், எனக்குத் தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமும். இங்கே வயிறு நிறையச் சாப்பிட்டதும் சென்ற ஆண்டு செய்த பிழைகளில் ஒன்று.

ஃபெல்ட்ஸேயை 2:50க்கு அடைந்தோம். மேலிருந்து கரும்புள்ளியாகத் தெரிந்தது கரையில் தெளிந்த நீர். குளிக்கத் தடை. ஏரியின் அடியில் வளரும் மிக அரிய நீர்த்தாவரம் ஒன்று மிதிபட்டு அழிந்துவிடக்கூடாது என்பதற்காக. கோடையில் வேர்த்து வந்து நிற்பவர்களுக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பது கடினம்தான்; ஆனாலும் இந்தத் தடை சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காலணியைக் கழற்றிக் கால்களை ஒரு பாறைமேல் நீட்டி 25 நிமிடம் உட்கார்ந்தேன். அண்ணாந்து பார்த்தால், காலையில் நின்ற நினைவுத்தூண் பக்கம் ஆட்கள் எறும்புபோல நகர்ந்தார்கள்.

3:15. கோல்களைக் குறுக்கினேன். கணக்குப்படி இந்த ஏற்றத்துக்கு 45 நிமிடம். முதல் வளைவிலேயே காலையில் விட்டுக்கொடுத்த பத்து நிமிடம் எங்கே போயிருக்கிறது என்று தெரிந்தது, தொடையில் இருந்தது. வேர்ப்படிகளில் ஒரு மூச்சுக்கு ஓர் அடி. பேச முடிந்தது. மகள் முன்னால் போய் ஒவ்வொரு வளைவிலும் நின்று எண்ணிக்கை சொன்னாள். பாதிக்கு மேல் மரத்தில் சாய்ந்து ஒருமுறை நின்றேன், ஒரு நிமிடம் இருக்கும். சென்ற ஆண்டு உட்கார்ந்த நான்கு இடங்களையும் அடையாளம் கண்டேன். மூன்றாவது இடத்துக் கல்லைத் தொட்டுவிட்டுப் போனேன். மேலே பஸ் நிறுத்தத்தின் இரைச்சல் கேட்டபோது 4:03. ஏற்றத்துக்கு 48 நிமிடம்.

குறிப்பேட்டில் உள்ளபடி: ஓய்வும் வழியில் நின்று பார்த்த நேரமும் நீங்கலாக 4 மணி 50 நிமிடம். சென்ற முறையைவிட ஒரு மணி நேரம் குறைவு. முதல் ஏற்றத்தில் 10 நிமிடம் அதிகம், கடைசி ஏற்றத்தில் 32 நிமிடம் குறைவு, மீதி 38 நிமிடமும் இறக்கங்களில் கிடைத்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. இறங்கும் முறையை மாற்றியது முட்டியைக் காக்கத்தான். நேரமும் அங்கேதான் அதிகமாக மிச்சமாகியிருக்கிறது. கணக்குக்கும் எனக்கும் இன்னும் 35 நிமிட இடைவெளி இருக்கிறது.

வீடு திரும்பியதும் இருவரும் உண்ணி இருக்கிறதா என்று முட்டியின் பின்புறம், அக்குள், தலைமயிர் ஓரம் எல்லாம் பார்த்தோம். தென் ஜெர்மனியில் உண்ணிக்கடியால் மூளைக்காய்ச்சல் வரக்கூடும், தடுப்பூசி போட்டிருந்தாலும் மற்ற நோய்களுக்காகப் பார்த்தே ஆகவேண்டும். மகளின் காலுறை விளிம்பில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது, கடிக்கவில்லை.

ஞாயிறு காலை மாடிப்படியில் இறங்கிப் பார்த்தேன். தொடையில் மட்டும் வலி, முட்டியில் இல்லை. கீழ்த்தளத்தில் கதவைத் தட்டி ஊன்றுகோல்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "பெல்ஹன் மலைக்குப் போய்வந்த பிறகு கொடு" என்றார்.