கருப்புப் புழுவை வைத்து நீரின் நச்சுத்தன்மையைச் சோதித்தல்: செய்முறையும் சறுக்கும் இடங்களும்

நன்னீர்ப் புழுக்களில் இந்தச் சோதனைக்குத் தோதானது கருப்புப் புழு, அதாவது லும்பிரிகுலஸ் வேரிகேட்டஸ். இங்கே சொல்வது அடிமண் இல்லாமல், வெறும் நீரில் 96 மணி நேரம் வைத்துப் பார்க்கும் முறை. மாசுப் பொருளாகச் செம்பை எடுத்துக்கொள்வோம்.

முதலில் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரினோடு பித்தளை இணைப்புகளில் இருந்து கரைந்த செம்பும் இருக்கலாம். கன்ட்ரோலிலேயே, அதாவது ஒப்பிடுவதற்காகச் செம்பு சேர்க்காமல் வைக்கும் நீரிலேயே, செம்பு இருந்தால் மொத்த உழைப்பும் வீண். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்குக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 294 மி.கி., மெக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 123.25 மி.கி., சோடியம் பைகார்பனேட் 64.75 மி.கி., பொட்டாசியம் குளோரைடு 5.75 மி.கி. சேர்த்து, இரவு முழுக்கக் காற்று செலுத்துங்கள். இந்த நீரின் கடினத்தன்மை லிட்டருக்குச் சுமார் 250 மி.கி. (கால்சியம் கார்பனேட் கணக்கில்). முடிவோடு இதையும் கட்டாயம் எழுதுங்கள். ஒரே அளவு செம்பு மென்னீரில் இன்னும் கடுமையாகத் தாக்கும்.

அடுத்தது புழுத் தேர்வு. சோதனை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்தப் புழு தானாகவே துண்டாகிப் பெருகும். ஒவ்வொரு துண்டிலும் இல்லாத தலையோ வாலோ முளைக்கும். புதிதாக முளைத்த பகுதி வெளிறியிருக்கும். அப்படிப்பட்ட புழுக்களை ஒதுக்கிவிட்டு, தலைப்பக்கம் கருத்துத் தடித்திருக்கும் முழுப் புழுக்களையே எடுங்கள். முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். புழுவை இடுக்கியால் தூக்கக் கூடாது, உடல் அறுந்துவிடும். வாய் அகன்ற பிளாஸ்டிக் பைப்பெட்டால் உறிஞ்சி மாற்றுங்கள்.

செம்புக் கரைசலுக்கு, காப்பர் சல்ஃபேட் பென்டாஹைட்ரேட் 393 மி.கி. எடுத்து ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மி.கி. செம்பு கிடைக்கும். அதில் 1 மி.லி. எடுத்து, தயாரித்த நீரால் ஒரு லிட்டராக்கினால் 0.1 மி.கி. முதல் சுற்றில் லிட்டருக்கு 0.01, 0.1, 1, 10 மி.கி. என்று பத்து மடங்கு இடைவெளி போதும். எந்த இரண்டுக்கு நடுவே பாதிப்பு தொடங்குகிறது என்று தெரிந்தபின், அந்த இடைவெளி முழுவதும் அடங்கும்படி இரண்டு மடங்கு வித்தியாசத்தில் ஐந்து செறிவுகள் வையுங்கள். அதிகச் செறிவில் நீர் கலங்கினாலோ நீலப்பச்சைப் படிவு விழுந்தாலோ, செம்பு கரைசலில் இல்லை என்று பொருள். அந்தச் செறிவின் முடிவை நம்பாதீர்கள்.

ஆறு குழித் தட்டில் குழிக்கு ஒரு புழு, 4 மி.லி. கரைசல். செறிவுக்கு இரண்டு தட்டு, கன்ட்ரோலுக்கும் அப்படியே. வெப்பம் 20 டிகிரி செல்சியஸ், 16 மணி நேர வெளிச்சம், மூடி போட்டிருக்கட்டும். 24 மணிக்கு ஒருமுறை கரைசலை மாற்றிவிடுங்கள். இவ்வளவு சிறிய கொள்ளளவில் கழிவு அம்மோனியா சீக்கிரம் சேரும். அது தரும் பாதிப்பைச் செம்பின் கணக்கில் எழுதிவிட நேரும்.

சாவை மட்டும் எண்ணுவது போதாது என்பது எங்கள் உறுதியான கருத்து. நலமான புழுவின் தலையைத் தொட்டால், உடலை ஹேர்பின் போல மடித்துத் தலையும் வாலும் இடம் மாறும். வாலைத் தொட்டால் திருகு சுழற்சியாக நீந்தி விலகும். பைப்பெட் நுனியால் தலை, வால் என மாற்றி மாற்றி ஐந்தைந்து முறை, 5 முதல் 10 விநாடி இடைவெளி விட்டுத் தொடுங்கள். முழு அசைவுக்கு 1, அரைகுறைக்கு 0.5, அசையாவிட்டால் 0. இடைவெளி குறைந்தால் புழு களைத்து மதிப்பெண் தானாக இறங்கும். செம்பு ஏற்றும் முன்பே ஒவ்வொரு புழுவுக்கும் இப்படி மதிப்பெண் எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். யார் தொடுகிறாரோ அவருக்கு எந்தத் தட்டில் எந்தச் செறிவு என்று தெரியக் கூடாது; 0.5 போடுவதில் கை தாராளமாகிவிடும்.

ஒரு குழியில் இரண்டு துண்டுகள் அசைந்தால் அதை ஒரு புழுவாகவே எண்ணி, துண்டானதைத் தனியாகக் குறியுங்கள். உடல் கரைந்து காணாமல் போனது சாவுக் கணக்கில் சேரும். கன்ட்ரோலில் 10 சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தச் சுற்றையே தள்ளுங்கள்.

மண்ணில் ஒட்டிக்கொள்ளும் மாசுகளுக்கு இந்த முறை பொருந்தாது. புழு மண்ணை விழுங்கி வாழ்வதால் அந்த வழியில் உள்ளே போகும் நஞ்சு இங்கே கணக்கிலேயே வராது. அதற்கு, நஞ்சு கலந்த செயற்கை அடிமண்ணில் 28 நாள் நடத்தும் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) 225 முறைக்குப் போக வேண்டும்.