ஸ்கிரீன்ஷாட் இல்லையென்றால் என் ஓட்டு போயிருக்கும்

2014 பிப்ரவரியில் தாய்லாந்தில் நாங்கள் போட்ட ஓட்டு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, மே 22 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்புறம் தேர்தல் தேதி தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் 2019 மார்ச் 24 என்று முடிவானதும், என்ன ஆனாலும் ஓட்டுப் போட்டே தீருவது என்று இருந்தேன். தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் தாய்லாந்துக் குடிமக்கள். எந்தத் தொகுதியில் ஓட்டு என்பதைத் தீர்மானிக்கும் வீட்டுப் பதிவேடு சியாங்மாயில், வேலை பாங்காக்கில். அதனால் முன்கூட்டியே வாக்களிக்க இணையத்தில் பதிந்தேன், ஐந்து நிமிட வேலை.

சிக்கல், முன்கூட்டி வாக்களிக்கும் நாளான மார்ச் 17 அன்றுதான். வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்று மேசைக்குப் போனால், அங்கிருந்தவர் பட்டியலைப் புரட்டிவிட்டு, பேர் இல்லை, 24-ஆம் தேதி சொந்தத் தொகுதியில் போய்ப் போடுங்கள் என்றார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் முன்கூட்டிப் போடப் பதிந்தவர் அன்றைக்கு ஊருக்குப் போனாலும் போட முடியாது. அவர் பேச்சை நம்பியிருந்தால் 700 கிலோமீட்டர் போய் வெறுங்கையோடு திரும்பியிருப்பேன்.

பதிவு உறுதியான பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டியும் அவர் அசையவில்லை. நான் நகரவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், பரவாயில்லை. பிறகு மூத்த அதிகாரி ஒரு அம்மா வந்து பார்த்தார். மேசையில் இருந்தவர் இவ்வளவு நேரம் புரட்டியது அதே மாகாணத்தின் வேறு தொகுதிப் பட்டியல்! என் நீளமான தமிழ்ப் பெயர் சரியான தாளில் முதல் பக்கத்திலேயே இருந்தது.

இன்னொன்று முக்கியம். அந்த 2019 தேர்தலில் ஒரே கட்சிக்குத் தொகுதிக்குத் தொகுதி வேறு எண் இருந்தது. பக்கத்துத் தொகுதி அண்ணன் போனில் சொன்ன எண்ணில் குறி போட்டிருந்தால் ஓட்டு வேறு கட்சிக்குப் போயிருக்கும். 350 தொகுதி இடங்களுக்கும் 150 கட்சிப் பட்டியல் இடங்களுக்கும் சேர்த்து அப்போது ஒரே சீட்டுதான், தவறினால் இரண்டும் போயிருக்கும். சின்னத்தையும் பெயரையும் பார்த்துக் குறி போடுங்கள். சீட்டு உறைக்குள் போய்த் தபாலில் சொந்தத் தொகுதிக்குப் போகும், ஆகவே உறையில் மாகாணமும் தொகுதி எண்ணும் சரியா என்று நீங்களே படித்துப் பாருங்கள். நான் இரண்டு முறை படித்தேன், அந்த அம்மா பொறுமையாகக் காத்திருந்தார்.

பிரதமரைத் தேர்ந்தெடுக்க ராணுவ ஆட்சி நியமித்த 250 செனட்டர்களும் ஓட்டுப் போடுவார்கள் என்று தெரிந்தேதான் போனேன். உறை பெட்டியில் விழுந்ததும் வெளியே வந்து அம்மாவுக்கு போன் செய்தேன்: "போட்டுட்டேன்மா. நீ 24-ஆம் தேதி அண்ணன் சொல்ற நம்பரைக் கேக்காதே."