அரசூர் ஆடும் கிர் சிங்கமும்

போன சனிக்கிழமை கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா ஓட்டமும் நடையுமாக வந்து நின்றார். புளியந்தோப்புப் பக்கம் தெருவோரமாக ஏழெட்டு வெள்ளாடு வளர்ப்பவர். ஓட்டேரியில் நான் கால்நடை மருந்துக் கடை வைத்த நாளிலிருந்து தெரியும்.

"தம்பி, கழிச்சலுக்கு எதனா மருந்து குடு. ஒரு குட்டி ராத்திரியே பூடுச்சி."

மருந்தை மட்டும் கொடுத்து அனுப்ப மனசு வரவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டுக் கூடவே போனேன். ஒரு பெட்டையாடு சுவரோரம் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. பீளை கட்டி இரண்டு கண்ணும் ஒட்டிப்போயிருந்தன. மூக்கில் சளி காய்ந்து அடைத்துக்கொண்டதால் வாயால் மூச்சு வாங்கியது. உதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறு முழுக்கத் தவிட்டைத் தூவிவிட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புண். அந்த வாய் நாற்றத்தை நான் மறக்கவே முடியாது.

1987-ல் எனக்குப் பதினோரு வயது. அரசூர் கூட்டுரோட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் எங்கள் ஊர். அன்றைக்கு அது தென்னாற்காடு மாவட்டம். எங்கள் ஆயா பட்டியில் செம்மறிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மாட்டுக்கு வரும் வெக்கை நோய் ஆட்டுக்கும் வந்துவிட்டது என்றுதான் ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆயா வேப்பிலை கட்டினார், மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பட்டி காலியான பிறகு அந்த மூங்கில் படலை மட்டும் ரொம்ப நாள் பிரிக்காமலே வைத்திருந்தார்.

அது வெக்கை இல்லை, ஆட்டுக்கொல்லி நோய் என்று பெரியவனான பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். டாக்டர்கள் பிபிஆர் என்பார்கள். 1942-ல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதலில் கண்ட நோய். இந்தியாவில் அது முதன்முதலாக உறுதியானது 1987-ல், அதே அரசூரில்.

அக்கா கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. "செத்த குட்டிய நாயி இழுத்துனு போயி தின்னுடுச்சி தம்பி. நாய்க்கும் வந்துடுமா?"

இது ஆட்டோடு நிற்கும் வைரஸ் இல்லை. மாட்டு வெக்கை, நம் பிள்ளைகளுக்கு வரும் தட்டம்மை, நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் எல்லாமே இதன் பங்காளிகள். பாலூட்டிகளின் நோய் எதிர்ப்பு அணுக்களின் மேலே ஸ்லாம் என்றொரு புரதம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் குடும்பமே உடம்புக்குள் நுழைகிறது. பூட்டு எல்லா விலங்கிலும் ஏறக்குறைய ஒரே அச்சு என்பதால், ஆட்டுக்குச் செய்த சாவி வேறு வீட்டிலும் சில நேரம் திரும்பிவிடுகிறது. இந்தியாவிலேயே நாய்களின் மூக்குச் சளியில் இதன் மரபுப்பொருள் கிடைத்திருக்கிறது. குஜராத்தில் 2007-ல் செத்துப்போன ஓர் ஆசியச் சிங்கத்தின் திசுக்களிலும் இருந்தது. கிர் காட்டுச் சிங்கங்கள் பக்கத்து ஊர் ஆடுமாடுகளையும் அடித்துத் தின்பவை. மனிதருக்கு இந்த நோய் வருவதில்லை. அதை முதலில் சொன்ன பிறகுதான் அக்காவுக்கு முகம் தெளிந்தது.

மங்கோலியாவில் நடந்ததைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே சைகா என்றொரு மான் உண்டு. குட்டித் தும்பிக்கை மாதிரித் தொங்கும் மூக்கு. 2016-ல் மேய்ச்சல்காரர்களின் ஆடுகளுக்கு இதே நோய் வந்தது. மேய்வது ஒரே புல்வெளி. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சைகாக்கள் பனியில் செத்துக் கிடந்தன. ஏற்கெனவே அழிவின் விளிம்பில் இருந்த இனம்.

நம் கிண்டிப் பூங்காவில் துள்ளும் வெளிமான்கள் அந்தச் சைகாவுக்குச் சொந்தக்காரர்கள். சுற்றிலும் இத்தனை ஜனம், இத்தனை வண்டி நடுவில் மிஞ்சி நிற்கும் கூட்டம் அது. வேளச்சேரிப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக அந்தச் சுவரைப் பார்த்தபடியே போவேன். இந்தப் பக்கம் தெருவில் மேயும் ஆட்டுக்கு ஊசி போட்டாயிற்றா என்பது அந்தப் பக்கத்து மானுக்கும் சேர்த்துத்தான்.

ஊசி இருக்கிறது. தோலுக்கடியில் ஒரு மில்லி போட்டால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் தாங்கும். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசி ஒன்றின் மூல வைரஸுக்குப் பெயரே 'அரசூர் 87'. எங்கள் பக்கத்துப் பட்டிகளைக் காலி செய்த அதே வைரஸை வீரியம் குறைத்து மருந்தாக்கிவிட்டார்கள். அந்தப் பெயரை முதன்முதலில் படித்தபோது ஆயாவிடம் சொல்ல முடியவில்லையே என்று கண் கலங்கிவிட்டது. மாட்டு வெக்கையை உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லியை ஒழிக்க 2030 என்று கெடு வைத்திருக்கிறார்கள். முடியும் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

அன்று டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் வந்து பார்த்து, சாம்பிள் எடுத்துப் போனார். நோய்ப்பட்ட ஆடுகளைத் தனியாகக் கட்டினோம். மறுநாள் அந்தப் பெட்டையும் போய்விட்டது. நாய் தோண்ட முடியாத ஆழத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அக்கா அழுதுகொண்டே மண் தள்ளினார்.

அடுத்த தெருக்களில் நோய் எட்டாத ஆடுகளுக்கு நாளைக் காலை ஊசி. யார் யார் வீட்டில் எத்தனை ஆடு என்று அக்காவே வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்து சொல்லிவிட்டார். முப்பத்தாறு. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போகிறேன்.