இகோமா மலை உச்சியில் ஒரு பழைய ராட்டினம்

ஒசாகாவுக்கு வந்து முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதற்குள் மகள் ரொம்பவே வாடிப்போனாள். பள்ளியில் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் "பாட்டி வீட்டுக்குப் போலாம்ப்பா" என்பாள், என்ன பதில் சொல்வது? பக்கத்து வீட்டு அம்மாதான் ஒருநாள் என் மனைவியிடம், இகோமா மலை மேலே இருக்கும் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள், நானும் சின்ன வயதில் போனேன், என் பிள்ளைகளையும் அங்கேதான் கூட்டிப் போனேன் என்றார். குளிர்காலம் முழுக்க அதை மூடிவிடுவார்கள். ஏப்ரல் வரை காத்திருந்து, புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து கிந்தெட்சு ரயிலில் 20 நிமிடத்தில் இகோமா. அங்கிருந்து மலையேற கேபிள் ரயில், 1918இல் ஓடத் தொடங்கியது, ஜப்பானின் முதல் கேபிள் ரயில் இதுதான். ஒரு பெட்டிக்கு நாய் முகம், இன்னொன்றுக்குப் பூனை முகம். எங்களுக்குப் பூனை கிடைத்தது. ஹோசான்ஜி நிலையத்தில் மாறி ஏறினால் அடுத்த பெட்டி கேக் வடிவத்தில் நிற்கிறது! மகள் பல மாதத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

மேலே நுழைவுக்கட்டணம் கிடையாது, எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் காசு. பேரப்பிள்ளைகளோடு தாத்தா பாட்டிகள், புல்லில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடும் குடும்பங்கள். மதுரையில் சித்திரைப் பொருட்காட்சிக்குள் நுழைந்தது போலவே இருந்தது எனக்கு.

நடுவில் நிற்கிறது பறக்கும் கோபுரம். சுமார் 30 மீட்டர் உயரம், கம்பிகளில் தொங்கும் நான்கு விமானங்கள். 1929இல் பூங்கா திறந்தபோதே கட்டியது. போர்க்காலத்தில் இரும்புக்காக மற்ற விளையாட்டுச் சாதனங்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், இதை மட்டும் கண்காணிப்புக் கோபுரமாகப் பயன்படுத்தியதால் தப்பியதாம். வேகமே இல்லை, மெதுவாகத்தான் சுற்றுகிறது. ஆனால் ஒரு பக்கம் ஒசாகா நகரம் முழுக்க விரிகிறது, திரும்பினால் நாரா சமவெளி. எங்களோடு ஏறிய ஒரு பெரியவர் விமானத்தின் கைப்பிடியைத் தடவியபடியே, சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவோடு இதில் ஏறினேன் என்று மகளிடம் சொன்னார். அவளுக்கு என்னைவிட நன்றாக ஜப்பானிய மொழி புரிகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

642 மீட்டர் மலைச்சிகரத்தின் அளவைக்கல்லும் இந்தப் பூங்காவுக்குள்தான், குட்டி ரயில் ஓடும் தண்டவாள வளையத்துக்கு நடுவே இருக்கிறது. அதற்காகவே இரண்டு தடவை சுற்றினோம்.

இறங்கும்போது ஹோசான்ஜி கோயிலுக்குப் போனோம். இங்கே காங்கிதென் என்று வணங்குவது நம் பிள்ளையாரைத்தான், இந்தியாவிலிருந்து சீனா வழியாக பௌத்தத்தோடு வந்து சேர்ந்தவர். இரட்டை உருவமாகத் தழுவி நிற்கும் அந்த யானைமுகச் சிலையை யாருக்கும் காட்டுவதில்லை. முள்ளங்கி என்றால் அவருக்குப் பிரியம் என்கிறார்கள், பின்னிய இரண்டு முள்ளங்கிகளைக் கோயிலில் பல இடங்களில் சின்னமாகப் பார்க்கலாம்.

"அப்பா, நிஜமாவே உள்ளே பிள்ளையார் இருக்காரா?"

இருக்கிறார் என்றேன். மூடிய கதவைப் பார்த்துக் காதைப் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போட்டாள். பக்கத்தில் நின்ற பாட்டி அது என்னவென்று விசாரிக்க, மகளே அவருக்கு ஜப்பானிய மொழியில் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் கீழே இறங்கும் ரயில் ஒன்று போய்விட்டது, அடுத்ததில் வந்தோம்.